ஸ்கிரீன்ஷாட்டை வச்சு கோப்பையைப் பறிக்க முடியாது தம்பி

கேள்வி:

அண்ணே வணக்கம். திருமங்கலத்துல மாடியில சின்னதா ஒரு செஸ் கிளாஸ் நடத்துறேன். லீவுல பசங்க சும்மா இருக்காங்களேன்னு லிச்செஸ்ங்கற இலவச செஸ் வெப்சைட்ல டீம் ஆரம்பிச்சு ஒரு ஆன்லைன் டோர்னமென்ட் வச்சேன். 10+5 டைம் (ஆளுக்கு 10 நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் 5 செகண்டு கூட), ஸ்விஸ் முறை (தோத்தாலும் வெளிய போகாம, கிட்டத்தட்ட ஒரே பாயிண்ட்ல இருக்கிறவங்க மோதுறது), 7 ரவுண்டு, 48 பேர் ஆடுனாங்க. எண்ட்ரி 100 ரூபா, முதல் பரிசு 5000 ரூபாயும் கோப்பையும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருத்தன், 13 வயசு, ரேட்டிங்லாம் கிடையாது, ஆறரை பாயிண்ட் எடுத்து ஜெயிச்சிட்டான். 6 பாயிண்ட்ல ரெண்டாவது வந்த பையனோட அப்பா 'அவன் இன்ஜின் (நல்ல மூவு சொல்லிக் குடுக்குற கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்) வச்சு ஆடிருக்கான், அக்குரசி 96, 97ன்னு வருது பாருங்க'ன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டுட்டாரு. இப்ப ஆளாளுக்கு பேசுறாங்க. பையனை நேர்ல கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் ஆடச் சொல்லு, ஜெயிச்சா பரிசு குடுங்கறாங்க. இன்னொரு பக்கம், மேலூர்ல இருந்து ஆடுன 11 வயசுப் பாப்பா 4வது ரவுண்டுல ஒரு ரூக் (யானை) அதிகமா வச்சுக்கிட்டு ஜெயிக்கிற நேரத்துல கரண்டு போயி வைஃபை கட்டாகி டைம்ல தோத்துருச்சு, அவங்கம்மா ரீமேட்ச் கேக்குறாங்க. விதின்னு நான் எதுவும் எழுதி வைக்கல, 'ஃபேர் ப்ளே முக்கியம்'னு மட்டும் போஸ்டர்ல போட்டேன். பையனோட 7 ஆட்டம் லிங்க்கும் அனுப்பிருக்கேன், பாத்துட்டு சொல்லுங்கண்ணே, பரிசை யாருக்கு குடுக்க?

பதில்:

தம்பி, முதல்ல முடிவைச் சொல்லிர்றேன், காரணத்தை அப்புறம் பைய பேசுவோம். பரிசு அந்தப் பையனுக்குத்தான். பாப்பாவோட 4வது ரவுண்டு ரிசல்ட் அப்படியே நிக்கும், ரீமேட்ச் கிடையாது. குரூப்பை இன்னிக்கே அட்மின் மட்டும் பேசுற மாதிரி மாத்துங்க. உங்க போட்டியில தப்பு பண்ணுன ஆளுன்னு யாரையாவது கண்டிப்பா காட்டணும்னா அது விதி எழுதாம ரவுண்டு ஒண்ணை ஸ்டார்ட் பண்ண ஆளு, அதுக்காக உங்களை வையல, நம்ம பக்கம் பாதிப் போட்டி இப்படித்தான் நடக்குது.

அந்த 96, 97க்கு வருவோம், ஏன்னா சண்டையே அதை வச்சுத்தான் கிளம்பிருக்கு. லிச்செஸ்ல அக்குரசின்னு ஒரு சதவீதம் போடுறாங்கள்ல, அது ஒவ்வொரு மூவுக்கும் முன்னாடி உன் ஜெயிக்கிற வாய்ப்பு எவ்வளவு, மூவுக்குப் பின்னாடி எவ்வளவு, எம்புட்டு குறைஞ்சிருக்குன்னு பாத்து போடுற கணக்கு. அப்ப என்னாகும், எதிராளி 9வது மூவுல ராணியை சும்மா குடுத்துட்டான்னு வைங்க, அதுக்கப்புறம் நீங்க எந்த மூவு வச்சாலும் ஜெயிக்கிற வாய்ப்பு 99லயேதான் நிக்கும், குறையாது, அக்குரசி தானா எகிறும். ஓப்பனிங்ல மனப்பாடம் பண்ணுன முதல் எட்டு பத்து மூவும் சேந்துக்கும். நீங்க அனுப்புன லிங்க்ல 97 காட்டுற ஆட்டம் எது தெரியுமா, 1வது ரவுண்டு, எதிர்ல ஆடுன சின்னப் பய 11வது மூவுல ராணியைத் தொலைச்சு 18வது மூவுல மேட் வாங்கியிருக்கான். அந்த ஆட்டத்தை உங்க கிளாஸ்ல யார் ஆடியிருந்தாலும் 95க்கு மேலதான் வந்திருக்கும். ஸ்கிரீன்ஷாட் போட்ட அப்பா தன் பையனோட பழைய ஆட்டங்களை இதே மாதிரி போட்டுப் பாத்தா அவருக்கே பக்குன்னு இருக்கும்.

நாங்க ஆர்பிட்டருங்க, அதாவது செஸ் நடுவருங்க, அக்குரசியை ஓரமா வச்சுட்டு முதல்ல பாக்குறது டைம். லிச்செஸ்ல அனாலிசிஸ்க்குக் கீழ மூவ் டைம்ஸ்னு ஒரு கிராஃப் இருக்கு, எந்த மூவுக்கு எத்தனை செகண்ட் எடுத்தான்னு கம்பி கம்பியா நிக்கும். மனுசன் ஆடுனா கம்பி ஏறி இறங்கும், திருப்பி வெட்ட வேண்டிய இடத்துல ரெண்டு செகண்டு, மாட்டிக்கிட்ட இடத்துல ரெண்டு நிமிஷம். இன்னொரு போன்ல மூவைப் போட்டு விடை பாத்து வைக்கிறவனுக்கு லேசான மூவும் கஷ்டமான மூவும் ஒரே நேரம் எடுக்கும், ஏன்னா அவன் யோசிக்கல, போனுக்கும் போனுக்கும் கண்ணை மாத்துற நேரம்தான் அது.

இப்ப பையனோட ஆட்டத்துக்கு வாங்க. 2வது ரவுண்டு பக்கா மனுச ஆட்டம், திருப்பி வெட்டுறது எல்லாம் ரெண்டு செகண்டு, ஒரு இடத்துல 1 நிமிஷம் 20 செகண்டு உக்காந்திருக்கான். 3வது ரவுண்டுல ஒரு குதிரையை அம்போன்னு விட்டிருக்கான், எதிராளி பாக்கல, தப்பிச்சான். 5வது ரவுண்டுல ராணியை பக்கத்துக் கட்டத்துல வச்சிருக்கான், பாத்தாலே தெரியுது விரல் வழுக்குன மூவு, எப்படியோ சமாளிச்சு ஜெயிச்சிட்டான். 7வது ரவுண்டுல ரெண்டு மூவுல மேட் இருக்கு, அதைப் பாக்காம டிராவுக்கு ஒத்துக்கிட்டான். இன்ஜின் பக்கத்துல இருக்கிறவன் மேட்டை விட்டுட்டு டிரா பண்ணுவானா?

ஆனா 6வது ரவுண்டு எனக்கும் உறுத்துச்சு, மறைக்கல. ரெண்டாவது வந்த பையன் கூட ஆடுன ஆட்டம் அது, 41 மூவு. ஏறக்குறைய எல்லா மூவும் 7, 8, 9 செகண்டுதான், ஆட்டம் முடியும்போது கிளாக்ல 8 நிமிஷம் கிட்ட பாக்கி. 19வது மூவுல எதிராளி குதிரையால ஒரு சிப்பாயை வெட்டுறான், திருப்பி வெட்ட வழியே ஒண்ணுதான், அதுக்கும் 8 செகண்டு. 24வது மூவுல ரூக்கைக் குடுத்து பிஷப்பை எடுக்குறான், எக்ஸ்சேஞ்ச் சேக்ரிஃபைஸ்னு பேரு, தெரிஞ்சே மதிப்பு கூடுன காயைக் குடுத்து குறைஞ்ச காயை எடுக்குறது, பெரியவங்களே தாடையைச் சொறிஞ்சிட்டு வைக்கிற மூவு, அதுக்கு 7 செகண்டு. இதைப் பாத்தா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

பொறுங்க, அவசரப்படாதீங்க. லேசான மூவுக்கு ஏன் 8 செகண்டுங்கறதுக்கு இன்னொரு காரணம் இருக்கலாம். லிச்செஸ் செட்டிங்ஸ்ல மூவ் கன்ஃபர்மேஷன்னு ஒண்ணு உண்டு, காயை நகட்டுன பிறகு சரின்னு இன்னொரு தட்டு தட்டுனாத்தான் மூவு போகும். 5வது ரவுண்டுல விரல் வழுக்கி ராணி இடம் மாறிருச்சுல்ல, அதுக்கப்புறம் இதை ஆன் பண்ணிருந்தான்னா? 7வது ரவுண்டைத் திரும்ப எடுத்துப் பாத்தேன், அங்கயும் திருப்பி வெட்டுற மூவுக்கு 5, 6 செகண்டு ஆகிருக்கு, 2வது ரவுண்டு மாதிரி ரெண்டு செகண்டு இல்ல. அதே ரவுண்டுல குழப்பமான இடத்துல ஒன்றரை நிமிஷம் யோசிச்சிருக்கான். அப்ப லேசான மூவு லேட்டானதுக்கு கணக்கு சரியாப் போச்சு, கஷ்டமான மூவு சீக்கிரம் வந்ததுக்கு மட்டும்தான் பதில் இல்ல. அந்த சேக்ரிஃபைஸ் மாதிரி ஒண்ணை முந்தின வாரம் செஸ் புதிர்ல பாத்திருந்தா 13 வயசுப் பய பொசுக்குன்னு வச்சிருவான், நம்ம ஊர்ப் பசங்களைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா. இல்ல உண்மையிலேயே அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் யாரோ உதவியிருக்கலாம். ரெண்டும் நடக்கக் கூடியதுதான், அதுனாலதான் இதுக்குப் பேரு சந்தேகம், ஒரே ஒரு ஆட்டத்துச் சந்தேகத்தை வச்சு கோப்பையைப் புடுங்க முடியாது.

ரேட்டிங்கை வச்சு ஒப்பிட்டுப் பாக்கலாமேன்னு கேப்பீங்க. அமெரிக்காவுல பஃபலோ யுனிவர்சிட்டி பேராசிரியர் கென்னத் ரீகன் போட்ட முறை அப்படித்தான், இந்த ரேட்டிங் ஆளு சராசரியா எத்தனை தடவை இன்ஜினோட முதல் மூவை வைப்பான்னு கணக்குப் போட்டு, அதைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிருக்கான்னு பாக்குறது, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே அவரோட உதவியை எடுத்துக்குது. ஆனா அதுக்கு நம்பகமான ரேட்டிங் வேணும், நிறைய ஆட்டம் வேணும். உங்க பையன் புது அக்கவுண்டு, லிச்செஸ் எல்லாருக்கும் 1500ல கேள்விக்குறி போட்டுத்தான் ஆரம்பிச்சு வைக்கும், அந்த 1500க்கு ஒரு அர்த்தமும் கிடையாது. ஒரு லீவு முழுக்க ஆடுனா எங்கயோ போற வயசு அது.

இன்னொண்ணு, 'இப்படி ஜெயிக்கவே முடியாது'ங்கற பேச்சு உலக லெவல்லயே சறுக்கிருக்கு. 2023ல அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுரா ஆன்லைன் பிளிட்ஸ்ல (சில நிமிஷத்துல முடியுற வேக ஆட்டம்) 46 ஆட்டத்துல 45.5 பாயிண்ட் எடுத்தாருன்னு முன்னாள் வேர்ல்டு சாம்பியன் கிராம்னிக் சந்தேகத்தைக் கிளப்புனாரு. ஆட்டம் நடந்த செஸ்.காம் தளத்துக்காரங்க அலசிப் பாத்துட்டு தப்பு எதுவும் இல்லைன்னுட்டாங்க. ஆயிரக்கணக்குல ஆடுற ஆளுக்கு எங்கயாவது ஒரு இடத்துல அப்படி ஒரு ஓட்டம் வரும், நடுவுல இருந்து அதை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுனா மாயம் மாதிரிதான் தெரியும். உங்க குரூப்ல போட்ட ஸ்கிரீன்ஷாட்டும் அதே கதைதான், 7 ஆட்டத்துல ரெண்டை மட்டும் எடுத்துப் போட்டிருக்காரு, குதிரையைத் தொலைச்ச ஆட்டம் அதுல இல்ல பாத்தீங்களா.

அப்ப சந்தேகத்தை என்னதான் பண்றது? ரிப்போர்ட் பண்ணுங்க, சத்தமில்லாம. லிச்செஸ்ல அக்கவுண்டு பக்கத்துலயே ரிப்போர்ட் பட்டன் இருக்கு, 6வது ரவுண்டு லிங்க்கைக் குடுத்து காரணத்தை ரெண்டு வரி எழுதுங்க. அவங்ககிட்ட இர்வின் மாதிரி கண்டுபிடிக்கிற ப்ரோக்ராம் இருக்கு, அது போக மாடரேட்டருங்க கண்ணால பாத்து முடிவெடுப்பாங்க, நம்ம கண்ணுக்குப் படாத விவரமும் அவங்களுக்குத் தெரியும். தப்புன்னு முடிவானா அக்கவுண்டுல விதி மீறுன ஆளுன்னு குறி விழும், அவன்கிட்ட தோத்தவங்களுக்குப் போன ரேட்டிங் பாயிண்டைத் திருப்பிக் குடுப்பாங்க. உங்க போட்டி முடிஞ்சு இவ்வளவு நாளாகியும் அந்த அக்கவுண்டுல ஒண்ணும் விழல. நாளைக்கே விழலாம், விழாமலும் போகலாம். பரிசை இத்தனை நாள் நிறுத்தி வைப்போம்னு நீங்க முன்னாடியே எழுதியிருந்தா காத்திருக்கலாம், எழுதலையே தம்பி.

நேர்ல கூப்பிட்டு ஆடச் சொல்றது மட்டும் வேணவே வேணாம். ஆறு பெரியவங்க சுத்தி நின்னு மொறைச்சுப் பாக்க, ஒரு 13 வயசுப் பயலை நடுவுல உக்கார வச்சு 'எங்க ஆடு பாப்போம்'னா அவன் கை நடுங்காதா? நல்லா ஆடுறவனே சொதப்புவான், தோத்தா 'பாத்தியா'ன்னுவாங்க, ஜெயிச்சா 'இந்த ஒரு மாசத்துல பயிற்சி எடுத்துட்டான்'னு அதுக்கும் ஒண்ணு வச்சிருப்பாங்க. பஞ்சாயத்து தீராது, பய மட்டும் செஸ்ஸை விட்டுருவான். அதுவும் கேக்குறது யாரு, பரிசு கைமாறுனா யாருக்குப் போகுமோ அவரு. அவரு மேல கோவப்படாதீங்க, புள்ளை தோத்தா அப்பாவுக்கு வயிறு எரியத்தான் செய்யும், ஆனா அவரை ஜட்ஜ் ஆக்காதீங்க.

சந்தேகப்படுறதுக்கும் ஒரு முறை இருக்கு. 2022ல சிங்க்ஃபீல்டு கப் போட்டியில அப்போதைய வேர்ல்டு சாம்பியன் கார்ல்சன், நீமன்ங்கற அமெரிக்க கிராண்ட்மாஸ்டர்கிட்ட தோத்துட்டு போட்டியை விட்டே வெளிய போனாரு, உலகமே ரெண்டு பட்டுச்சு. அதுக்கப்புறம் செஸ்.காம் 72 பக்க அறிக்கை விட்டுச்சு, ஆன்லைன்ல 100க்கு மேல ஆட்டத்துல நீமன் தப்பு பண்ணிருக்கலாம்னு. ஆனா கார்ல்சன் தோத்த அந்த ஆட்டம் நேர்ல போர்டுல ஆடுனது, அதுல தப்பு நடந்ததா யாரும் நிரூபிக்கல. கடைசியில ஃபிடே 2023 டிசம்பர்ல கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம் போட்டுச்சு, சரியான காரணம் இல்லாம போட்டியை விட்டு விலகுனதுக்காக. உலகத்துல நம்பர் ஒன் ஆளுக்கே இந்த நிலைமை. ஃபிடேயோட ஃபேர் ப்ளே விதியில அடிப்படையே இல்லாம குற்றம் சாட்டுறதும் தண்டனைக்குரிய குத்தம்தான். அந்த அப்பாகிட்ட தனியா போன் பண்ணி இதைச் சொல்லுங்க, குரூப்ல சொல்லாதீங்க. 'அண்ணே, உங்க புகாரை எடுத்துக்கிட்டேன், ரிப்போர்ட் பண்ணிட்டேன், அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அழிச்சிருங்க, சின்னப் பயலோட பேரு அதுல இருக்கு'ன்னு தன்மையாச் சொன்னா கேப்பாரு.

மேலூர்ப் பாப்பாவுக்கு வருவோம். இதுல எனக்கு மனசு கஷ்டம்தான், ரூக் கூட வச்சிருந்த ஆட்டம். ஆனா ஆன்லைன்ல எங்கயும் பொதுவா உள்ள வழக்கம், உன் கரண்டு, உன் நெட்டு, உன் போனு, உன் பொறுப்பு. இல்லாட்டி தோக்கப் போறவன் எல்லாம் ரௌட்டரைப் புடுங்கிருவான்.

இதே பிரச்சனை 2020 ஆகஸ்ட்ல ஆன்லைன் ஒலிம்பியாட்ல இந்தியாவுக்கே வந்துச்சு, அதுவும் ரெண்டு தடவை, ரெண்டு பக்கமும் நின்னு பாத்தோம். கால் இறுதியில ஆர்மீனியா கூட ஆடும்போது நம்ம ஆட்டக்காரர் நிஹால் சரினோட எதிராளிக்கு இணைப்பு கட்டாகி டைம்ல தோத்தாரு, ஆர்மீனியா அப்பீல் பண்ணுச்சு, தள்ளுபடி ஆச்சு, கோவத்துல அவங்க போட்டியை விட்டே போய்ட்டாங்க. அதே வாரம் ஃபைனல்ல ரஷ்யா கூட ஆடும்போது நம்ம நிஹாலுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைப்பு போச்சு, ரெண்டு பேரும் டைம்ல தோத்தாங்க, இந்தியா அப்பீல் பண்ணுச்சு, ஃபிடே தலைவர் ரெண்டு நாட்டுக்கும் சேத்து தங்கம் குடுத்தாரு. அன்னிக்கு உலகம் பூராவும் இன்டர்நெட்ல பெரிய கோளாறு, நம்மாளு வீட்டு வயர் மட்டும் அந்து போகல, அதுதான் வித்தியாசம்னாங்க. ஆர்மீனியாக்காரன் அதை ஏத்துக்கிட்டிருப்பான்னு நினைக்கிறீங்களா? நான் இந்தியாக்காரன், தங்கம் கிடைச்சதுல சந்தோஷம்தான், ஆனா ஆர்பிட்டரா கேட்டா ஒரு தனி வீட்டுல இணைப்பு போறதுக்கு ஒரு விதி, எல்லாருக்கும் சேந்து போறதுக்கு இன்னொரு விதின்னு முன்னாடியே எழுதியிருந்தா அந்தச் சண்டை பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கும்னுதான் சொல்லுவேன். மேலூர்ல கரண்டு போனது ஒரு தெருவுக்கு. அவங்கம்மாட்ட 'அடுத்த போட்டியில பாப்பாவுக்கு எண்ட்ரி நம்ம செலவு'ன்னு சொல்லுங்க, அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. பக்கத்துல மொபைல் டேட்டா ரெடியா இருக்கட்டும்னு எல்லாருக்கும் முன்னாடியே சொல்லி வைங்க.

இவ்வளவு நேரம் இன்ஜின் இன்ஜின்னு பேசுறோம், உண்மையில நம்ம பக்கத்துச் சின்னப் பசங்க போட்டியில இன்ஜினை விட அதிகமா நடக்குறது என்ன தெரியுமா, வீட்டு ஆளு. அண்ணன் தோள் மேல கையை வச்சுக்கிட்டு 'டேய் அதை வைக்காதடா'ம்பான், அப்பா பின்னாடி நின்னு 'ம்ம்ம்'ன்னு ஒரு சத்தம் குடுப்பாரு, கோச் வீடியோ கால்ல இருப்பாரு. தங்கச்சி அக்கவுண்டுல அக்கா ஆடும். ஃபிடே சட்டத்துல 11.3.1னு ஒரு விதி, ஆட்டம் நடக்கும்போது குறிப்பு, யோசனை எதையும் பாக்கக் கூடாது கேக்கக் கூடாதுன்னு இருக்கு, அதுல மெஷின்கிட்ட கேட்டா தப்பு மாமாகிட்ட கேட்டா சரின்னு இல்ல. ஆனா வீட்டுல யாருக்கும் அது தப்பாவே தோணாது, பாசம்னு நினைச்சுக்கிறாங்க. பெரிய மனுசங்களுக்கே தோணல, 2021ல விஸ்வநாதன் ஆனந்த் கொரோனா நிதிக்காக பிரபலங்களோட ஆன்லைன்ல ஆடுனாரு, அதுல ஒரு தொழிலதிபர் ஆனந்தையே ஜெயிச்சிட்டாரு, மறுநாள் பாத்தா ஆட்களும் கம்ப்யூட்டரும் உதவுச்சுன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. நல்ல காரியத்துக்கு ஆடுற ஆட்டம்தானேங்கற நினைப்பு.

ஆள்மாறாட்டம்னதும் நமக்கு அலங்காநல்லூர்தான் ஞாபகம் வரும். 2021ல ஒருத்தர் பனியனை இன்னொருத்தர் போட்டு ஆடுனாருன்னு புகார் கிளம்பி முதல் பரிசு விஷயம் கோர்ட்டு வரைக்கும் போச்சுல்ல. அங்க ஆயிரம் பேரு கண்ணு முன்னாடி, டாக்டர் செக்கப் பண்ணி நம்பர் குடுத்து இறக்கி விட்டே அந்தப் பஞ்சாயத்து. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, திமிலை எம்புட்டு தூரம் பிடிக்கணும், வாலைத் தொட்டா என்ன, ரெண்டு பேரு சேந்து பிடிச்சா என்னங்கறதுல அங்க சண்டை வராது, வாடிவாசல் திறக்குறதுக்கு முன்னாடியே மைக்குல சொல்லிருவாங்க, மாடு பிடிக்கிறவன்ல இருந்து மரத்து மேல உக்காந்து பாக்குறவன் வரைக்கும் தெரியும். உங்க போட்டியில அந்த மைக்கு இல்ல.

அதுனால அடுத்த தடவை ஒரு பக்கத்துக்குத் தமிழ்ல விதி எழுதுங்க, பெத்தவங்க படிச்சு 'ஒத்துக்குறேன்'னு ரிப்ளை போட்டாத்தான் பேரு சேத்துக்கணும். ஒரு ஆளுக்கு ஒரே அக்கவுண்டு, அந்த அக்கவுண்டு பேரு போட்டிக்கு முன்னாடியே உங்ககிட்ட இருக்கணும். ஆட்டம் நடக்கும்போது அந்த ரூம்ல ஆடுற ஆளு மட்டும், சின்னப் புள்ளையா இருந்து பெரியவங்க கூட இருக்கணும்னா ஸ்கிரீன் தெரியாத இடத்துல உக்காரணும். கரண்டு, நெட்டு ஆடுறவங்க பொறுப்பு, பாதிப் பேருக்கு மேல ஒரே நேரத்துல கட்டானா மட்டும் அந்த ரவுண்டை மறுபடி வைப்போம். பரிசு போட்டி முடிஞ்சு 15 நாள் கழிச்சுத்தான், அதுக்குள்ள தளம் யார் அக்கவுண்டையாவது குறி போட்டா அவரு வெளிய, அடுத்தவரு மேல வருவாரு, தளத்தோட முடிவே இறுதி. இந்தக் கடைசி வரிதான் உங்களைக் காப்பாத்தப் போறது. 2020ல ப்ரோ செஸ் லீக்ங்கற ஆன்லைன் டீம் போட்டி ஃபைனல்ல ஜெயிச்ச ஆர்மீனியா டீமையே ஒரு கிராண்ட்மாஸ்டர் ஆட்டத்துல தப்பு இருக்குன்னு தூக்கிட்டு ரெண்டாவது வந்த செயின்ட் லூயிஸ் டீமை சாம்பியன் ஆக்குனாங்க, அந்த கிராண்ட்மாஸ்டர் சமூக வலைதளத்துல ஆடாத ஆட்டம் ஆடுனாரு, ஆனா லீக் விதியில அந்த அதிகாரம் முன்னாடியே இருந்துச்சு, முடிவு நின்னுச்சு. புகார் பண்றதுக்கும் ஒரு வரி போடுங்க, புகார் உங்களுக்கு மட்டும் மெசேஜ்ல வரணும், குரூப்ல போட்டா புகார் பண்ணுனவருக்கு வார்னிங்.

கேமரா வைக்கலாமான்னு கேப்பீங்க. லாக்டவுன்ல ஸ்டேட் லெவல் போட்டியெல்லாம் ஜூம்ல முகம் தெரியணும், சைடுல இருந்து இன்னொரு கேமரா வேணும்னு வச்சாங்க, ஃபிடேயும் 2021ல இருந்து ஆன்லைன் போட்டிக்குன்னே தனி விதி போட்டு கண்காணிப்போட நடத்துறது எப்படின்னு சொல்லிருக்கு. ஆனா உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுல ஒரு போனுதான் இருக்கும், அதுவும் அப்பா வேலைக்குப் போகாத நாள்லதான் புள்ளை கைக்கு வரும். ரெண்டு கேமரான்னு விதி போட்டா ஏமாத்துறவன் போக மாட்டான், ரெண்டாவது போன் இல்லாதவன்தான் போவான். அண்ணாநகர்ல லேப்டாப்பு, ஹெட்செட்டு, இன்வெர்ட்டரோட உக்காந்திருக்கிற பையனும் அவனும் ஒரே போட்டியில ஆடணும், அதுதானே நீங்க ஆன்லைன்ல வச்ச காரணமே.

என் யோசனை, ஆன்லைனை தகுதிச் சுற்றா மட்டும் வைங்க. அதுல பணமே வேணாம். முதல் 8 பேரை ஒரு ஞாயித்துக்கிழமை நேர்ல கூப்பிட்டு போர்டுல, கிளாக் வச்சு ஃபைனல் நடத்துங்க, கோப்பை, பரிசு எல்லாம் அங்க. 8 பேருன்னா நாலு போர்டு, நாலு கிளாக், மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். இடம் மட்டும் திருமங்கலத்துலயே வைக்காம மதுரை டவுன்ல பஸ் ஸ்டாண்டை ஒட்டிப் பாருங்க, மேலூர்க்காரங்க மாட்டுத்தாவணியில எறங்கி வந்துருவாங்க, உசிலம்பட்டி ஆளுங்களுக்கும் ஒரே பஸ்ஸு. இன்ஜின் வச்சு தகுதிச் சுற்றைத் தாண்டுனவன் நேர்ல வந்து ரெண்டாவது ரவுண்டுலயே முழிச்சிட்டு உக்காந்திருப்பான், நீங்க யாரையும் திருடன்னு சொல்ல வேண்டிய அவசியமே வராது. எல்லாரும் ஒரே மாதிரி நேர்ல ஆடுறதும், ஒருத்தனை மட்டும் கூப்பிட்டு ஆட வைக்கிறதும் ஒண்ணு இல்லைங்கறதை குரூப்ல கேக்குறவங்களுக்கும் சொல்லுங்க.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்லிர்றேன். ஆன்லைன் ஆட்டத்துக்கு 100 ரூபா வாங்கி 5000 ரூபா பணப் பரிசு குடுக்குறீங்க. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு ஆன்லைன் கேமிங் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்திருக்கு, பணம் கட்டி பணம் ஜெயிக்கிற ஆன்லைன் ஆட்டத்தை, திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமான்னு பாக்காம தடை பண்ணுது, நடத்துறவனுக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு கோடி வரைக்கும் அபராதம்னு இருக்கு. இ-ஸ்போர்ட்ஸ்க்கு விலக்கு உண்டு, அதுல எண்ட்ரி ஃபீஸும் வாங்கலாம், ஆனா அதுக்கு அங்கீகாரம், பதிவுன்னு தனி வழி இருக்கு, உங்க மாடி கிளாஸ் அதெல்லாம் பண்ணிருக்காது. உங்க போட்டி எந்தப் பக்கம் வரும்னு ஒரு வக்கீலைப் பாத்துக் கேளுங்க, அதுவரைக்கும் ஆன்லைன்ல ஃபீஸ் வாங்காதீங்க. ஃபைனலை நேர்ல வைக்கச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். கோப்பைக்கும் டீ வடைக்கும் ஊர்ல ரெண்டு கடைக்காரங்ககிட்ட ஸ்பான்சர் கேட்டா குடுப்பாங்க, பேனர்ல பேரு போட்டாப் போதும்.

குரூப்ல இன்னிக்கு ராத்திரி இப்படிப் போடுங்க, கூடவோ குறையவோ வேணாம்: 'போட்டி முடிவில் மாற்றம் இல்லை. புகார் வந்தது, முறைப்படி லிச்செஸ்க்கு அனுப்பியாச்சு. எழுதாத விதியை வச்சு யாரையும் நீக்க முடியாது, அது என் பொறுப்பு. அடுத்த போட்டிக்கு விதிகள் தனியா வரும். இது பத்தி குரூப்பில் பேச வேண்டாம், என்னைக் கூப்பிடுங்க.' போட்டுட்டு போனை அணைச்சிட்டுத் தூங்குங்க, காலையில பத்துப் பதினஞ்சு மிஸ்டு கால் இருக்கும், ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு பேசுங்க.

பையன் வீட்டுக்கு மட்டும் போன்ல பேசாம ஒரு எட்டு நேர்லயே போய்ட்டு வாங்க, கோப்பையையும் கையோட கொண்டு போங்க. அவங்க அப்பாகிட்ட குரூப்ல நடந்ததை மறைக்காம சொல்லுங்க, எப்படியும் காதுக்குப் போயிருக்கும். பையன்கிட்ட 6வது ரவுண்டைப் பத்தி ஒண்ணும் கேக்காதீங்க. 7வது ரவுண்டுல விட்ட அந்த மேட்டைக் காட்டுங்க, ராணியை எங்க வச்சிருக்கணும்னு அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்க, செஸ் புடிச்ச பயலா இல்லையான்னு உங்களுக்கு அங்கனயே தெரிஞ்சிரும்.